வருகிற தடம் மட்டும்

மாயாறு வளைந்து காட்டுக்குள் போகிற இடத்தில், நேஷனல் பார்க் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம், மருதங்கரை என்று ஒரு விடுதி இருக்கிறது. அங்கே மணலைக் கூட்டுவதற்கென்றே மாதச் சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் சமையல்காரர் ஒரு வாரம் லீவு போட்டாலும் சமாளித்துவிடுகிற மேனேஜர் கில்பர்ட்டுக்கு மாராத்தா ஒரு சாயந்தரம் வராவிட்டால் கை காலே ஓடாது. அறைகளின் வாசல்படிக்கும் ஆற்றுத் தண்ணீருக்கும் நடுவே அறுபதடி நீளத்துக்கு ஆற்றுமணல் கொட்டிப் பரப்பியிருந்தார்கள், வேலைக்காரர்கள் யாரும் அதை மிதிக்கக் கூடாது, எல்லோருக்கும் பின்பக்கப் பாதைதான். தினமும் நாலரை மணிக்கு மாராத்தா நீளக் கம்பில் கட்டிய ஈர்க்குமாற்றை எடுத்துக்கொண்டு, படியிலிருந்து தண்ணீர்வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து, தன் கால்தடத்தையும் தானே கூட்டி அழித்துக்கொண்டு, இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி மணலை வழித்துவைப்பாள். இருட்டியபின் தண்ணீருக்கு வருகிற மானோ பன்றியோ அதில் கால் பதித்துப் போகும், விடிந்ததும் விருந்தாளிகள் காபியும் கையுமாக வந்து குனிந்து பார்த்து, நம்ம அறைக்கு இத்தனை பக்கத்திலா என்று பயந்து சந்தோஷப்பட்டு, போட்டோ பிடித்துக்கொண்டு ஊருக்குப் போவார்கள்.

காட்டுக்குள் ஜீப்பில் கூட்டிப்போய் மிருகம் காட்டுவது அவள் புருஷன் திம்மையனுடைய வேலை. பதினோரு வருஷமாக ஓட்டுகிறான், ஒருமுறை ஜாக்கி சரிந்து இடதுகால் சுண்டுவிரல் போனதைத் தவிர அந்த ஜீப்பால் அவனுக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. ஒன்றுமே வராத குட்டைக்கு எதிரில் வண்டியை அணைத்துவிட்டு, பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, "சத்தம் போடாதீங்க, வரும்" என்று அவன் சொல்கிற விதத்தில், வராமல் போனாலும் வந்ததுபோலவே ஆட்கள் திரும்பி வருவார்கள். தான் புலி பார்த்த கதை ஒன்பது வைத்திருந்தான், வருஷத்துக்கு வருஷம் ஒவ்வொரு புலியும் ஒரு முழம் வளர்ந்துகொண்டே வந்தது. நிஜத்தில் திம்மையன் புலியைக் கண்ணால் பார்த்ததே கிடையாது, இது மாராத்தாவுக்கு மட்டும் தெரியும்.

கதை சொன்னவன் மானம் போகாமல் பார்த்துக்கொண்டதும் அவள்தான். விருந்தாளிகள் மூன்று நாள் தங்கி ஒன்றும் பார்க்காமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால், அந்தச் சாயந்தரம் மணலைக் கூட்டி முடித்ததும் மாராத்தா தண்ணீர் ஓரத்தில் மண்டிபோட்டு, வலதுகையை முட்டியாக மடக்கி ஓர் அழுத்து அழுத்தி, மேலே நாலு விரல்நுனியால் நாலு குத்துக் குத்துவாள். பார்த்தவன் புலித்தடம் என்று சத்தியம் பண்ணுவான். தண்ணீரிலிருந்து தொடங்கி ஆறாம் நம்பர் அறையின் படிவரைக்கும் தன் முழங்கால் தடத்தை அழித்துக்கொண்டே அப்படி வைத்துக்கொண்டு வருவாள், அதோடு சரி. புலி வீட்டுவாசல்வரைக்கும் வந்தது என்பதுதான் விருந்தாளிக்கு வேண்டும், அது எப்படித் திரும்பிப் போனது என்று ஒருவரும் கேட்டதில்லை.

இந்தக் கைவேலை அவள் கல்யாணத்துக்கு முன்னால் கோபியில் ஒரு வீட்டில் வேலைக்கிருந்தபோது கற்றது. கோகுலாஷ்டமிக்கு அந்த வீட்டம்மா கைமுட்டியின் சுண்டுவிரல் பக்கத்தை அரிசிமாவில் தோய்த்துத் தரையில் ஒற்றி, மேலே ஐந்து பொட்டு வைத்து, வாசலிலிருந்து பூஜை அறைவரைக்கும் கண்ணன் பாதம் போடச் சொல்லித் தருவாள், எல்லாப் பாதமும் உள்ளே பார்த்துத்தான் போட வேண்டும், வெளியே பார்த்து ஒன்றுகூட விழக் கூடாது. கல்யாணமானபின் மாராத்தா தன் வீட்டில் பன்னிரண்டு கோகுலாஷ்டமிக்கு அந்தப் பாதங்களைப் போட்டாள். குழந்தை என்று யாரும் உள்ளே வரவில்லை, பதின்மூன்றாம் வருஷம் மாவைத் தோசைக்கு எடுத்துவைத்துவிட்டாள்.

அந்தப் பங்குனியில்தான் மணல் மறுநாள் தடத்தை முதல்நாளே காட்டத் தொடங்கியது. மாராத்தா கூட்டி முடித்துப் பின்பக்கமாகப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் பதினாலு புள்ளிமான்கள், ஒரு மயில், பின்னங்காலை இழுத்து நடக்கிற ஒரு யானை, இத்தனையும் நடந்த தடம் மணலில் இருந்தது, வெளிச்சமும் போகவில்லை, ஒரு மிருகமும் வரவில்லை. தான்தான் சரியாகக் கூட்டவில்லையோ என்று இன்னொருமுறை கூட்டினாள், இன்னொருமுறை வந்தது. மறுநாள் காலை ஆறு பத்துக்குப் பதினாலு மான்கள் வரிசையாக இறங்கி வந்து குளம்புக்குக் குளம்பு அந்தப் பள்ளத்திலேயே வைத்து நடந்தன, பிறகு மயில் வந்தது, பிறகு காலை இழுத்துக்கொண்டு யானை வந்தது. இதற்கு ஆச்சரியப்பட அன்றைக்கு யாருக்கும் நேரமில்லை, அறைகள் எல்லாம் நிரம்பியிருந்தன.

ஒரு வாரத்தில் கில்பர்ட் வரவேற்பறையில் ஒரு கரும்பலகை மாட்டி, 'நாளை வருபவை' என்று தலைப்புப் போட்டு, மான் இத்தனை, காட்டெருமை இத்தனை என்று எழுதிவைத்தார், விருந்தாளிகள் அதைப் பார்த்து அலாரம் வைத்துக்கொண்டார்கள். காட்டுக் காவல்காரர் நாளைய யானைகளை இன்றைக்கே நோட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார். பக்கத்து ஊர்க்காரர்கள் காணாமல்போன மாடு நாளைக்குத் தண்ணீருக்கு வருமா என்று பார்க்க வந்தார்கள், அப்புறம் மாட்டை விட்டுவிட்டுத் தங்கள் தடத்தையே தேட ஆரம்பித்தார்கள், தன் தடம் தனக்குத் தெரிய வேண்டும் என்று ஆளாளுக்குச் செருப்படியில் ஒரு கீறல் போட்டுக்கொண்டார்கள். யாரோ ஒரு மருதமரத்துக்கு மஞ்சள் துணி கட்டிச் சூடம் கொளுத்தினார்கள். மாராத்தா கூட்டும்போது வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், அவளுக்கு அது கூச்சமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சாலையோரம் டீக்கடை வைத்திருந்த குருந்தாசலத்தின் தடம் ஒருநாள் மணலில் வந்தது. குதிகாலில் பெருக்கல்குறி போட்ட செருப்பு, எல்லோருக்கும் தெரிந்ததுதான், படிப்பக்கமிருந்து தண்ணீர்வரைக்கும் போயிருந்தது, திரும்பவில்லை. அவர் சம்சாரம் வந்து மாராத்தாவின் கையிலிருந்த ஈர்க்குமாற்றைப் பிடுங்கி, அழுதுகொண்டே அத்தனை தடத்தையும் கூட்டி அழித்தாள். அன்று மறுபடி தடம் எழவில்லை, ஊரே நிம்மதியாகச் சாப்பிட்டது. மறுநாள் பட்டப்பகலில், பதினாலு பேர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, காலில் ஏதோ பிசுபிசுங்குது, கழுவிட்டு வந்தர்றேன் என்று குருந்தாசலம் கையை உருவிக்கொண்டு எழுந்து, மணலில் ஒரு தடம்கூடப் பதியாமல் நடந்து தண்ணீருக்குள் இறங்கிப் போனார். மூன்று நாள் தேடினார்கள், பாறைமேல் படுத்திருந்த முதலைகள்கூட அன்றைக்குப் பட்டினியாகத்தான் தெரிந்தன. அதற்குப் பிறகு ஊரில் யாரும் வேலிப்பக்கம் வரவில்லை, அந்த வழியாகப் போக வேண்டியிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள், கீறல் போட்ட செருப்புகளை ஆற்றில் எறிந்துவிட்டார்கள். விருந்தாளிகளுக்கு இது சொல்லப்படவில்லை, கரும்பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

நாளைக்கு என்ன வரும் என்று கரும்பலகையே சொல்லிவிட்டபிறகு திம்மையனுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அவன் வண்டியை அணைத்துவிட்டு வரும் என்று சொன்னால் பின்சீட்டில் சிரித்தார்கள். ஒரு விருந்தாளி, இந்த மணலில் இத்தனை நாளில் ஒரு புலித்தடம்கூட எழவில்லையே, உங்க ஒன்பது புலியும் எந்தக் காட்டில் என்று கேட்டார். அன்று திம்மையன் சாப்பிடாமல் படுத்தான், மறுநாளும் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் சாயந்தரம் அவள் ஈர்க்குமாற்றை எடுக்கும்போது பின்னால் வந்து நின்றான்.

"ஒரே ஒருக்கா வெய்யி, மாராத்தா. பார்த்தேன் பார்த்தேன்னு சொல்லி எனக்கே சலிச்சுப் போச்சு. ஒருக்கா நெசமாப் பார்த்துட்டனா, சொன்னது பூராவும் பொய்யில்லைன்னு ஆயிருமல்ல."

"இது முன்ன மாதிரி இல்லீங்க," என்றாள். "இப்ப மணலு நம்பீருதுங்க."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்படி அவன் நின்று அவள் பார்த்ததில்லை, அதை அவளால் தாங்க முடியவில்லை. கூட்டி முடித்துத் தண்ணீர் ஓரத்தில் மண்டிபோட்டாள். எப்போதும் செய்வதுபோலவே, வலதுகையாலேயே, தண்ணீரிலிருந்து ஆறாம் நம்பர் படிவரைக்கும் வைத்துக்கொண்டு வந்து, அதோடு நிறுத்தி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆறேகாலுக்குப் புலி வந்தது. திம்மையனின் ஒன்பது புலிகளையும்விடப் பெரிதாக இருந்தது, ஆனால் நாலு காலும் வலதுகாலாக இருந்தன, பாதங்கள் ஒரு பெண்ணின் கைமுட்டி அளவே இருந்தன. அதனால் ஒருபக்கமாகச் சாய்ந்து, ஒவ்வொரு பள்ளத்தையும் முகர்ந்து பார்த்து, அதிலேயே கால் வைத்து, அறுபதடியையும் மெல்ல நடந்து வந்தது. ஆறாம் நம்பர் படிக்கு முன்னால் கடைசித் தடத்தில் முன்னங்காலை வைத்ததும் அடுத்த தடத்தைத் தேடியது, இல்லை என்றதும் உட்கார்ந்துகொண்டது. திம்மையன் ஆறாம் நம்பர் வராந்தாவில் நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான், மாராத்தாவுக்கும் அழுகை வந்தது, அந்த ஒரு காலைக்கு அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

புலி போகவில்லை. மத்தியானமும் இருந்தது, மறுநாளும் இருந்தது, நாலாம் நாளும் இருந்தது. முதலில் அறைகளைப் பூட்டினார்கள், அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை என்றதும் திறந்தார்கள். கில்பர்ட் மஞ்சள் நைலான் கயிறு ஒன்றைச் சுற்றிலும் கட்டி, பிளாஷ் போடாதீர்கள் என்று போர்டு வைத்தார். ஆறாம் நம்பருக்கு ஆடிவரைக்கும் ஆள் பதிவாகிவிட்டது, அந்த அறைக்காரர்கள் குளியலறை ஜன்னல் வழியாக இறங்கிப் போய்வந்தார்கள், அதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். பரிமாறுகிறவர்கள் டீ தட்டோடு அதைச் சுற்றிப் போகப் பழகினார்கள். ஆட்டுக்கறி வைத்தார்கள், இரண்டு முழம் தள்ளி இருந்த கறியைப் பார்த்துக்கொண்டே இருந்தது, அங்கே போகத் தடம் இல்லாததால் போகவில்லை. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. யார் வந்தாலும் போனாலும் அது திரும்பாது, மாராத்தா கூட்டும்போது மட்டும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அதைவிட மோசம், திம்மையனும் போகவில்லை. வராந்தாவில் புலிக்கு எதிரே உட்கார்ந்தவன் உட்கார்ந்ததுதான், ஜீப் சாவியைக் கில்பர்ட்டிடம் கொடுத்தாயிற்று, சோற்றைக் கொண்டுவந்து வைத்தால் புலி பார்க்கிறதுபோலவே சோற்றைப் பார்த்தான். வீட்டுக்கு வாங்க என்று அவள் கையைப் பிடித்து இழுத்தால், சத்தம் போடாத என்றான். அவனுக்கும் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒன்பதாம் நாள் மத்தியானம் இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணை மூடி ஒரே நேரத்தில் திறந்ததை அவள் பார்த்தாள். இதை வரவழைத்தது தன் கை, அனுப்பிவைக்காததும் தன் கை, இன்னும் இரண்டு நாள் விட்டால் இந்த மனுஷன் தனக்கு மிஞ்ச மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அன்று நாலரைக்குப் புலியைச் சுற்றிக் கூட்டி, கீழே தண்ணீர்வரைக்கும் வழித்துவிட்டு, மறுபடி படிக்கு வந்து, புலியின் மூச்சு பிடரியில் படுகிற தூரத்தில் மண்டிபோட்டு, வாழ்க்கையில் முதல்தடவையாகத் தண்ணீரைப் பார்த்துத் தடம் வைத்தாள். கை பழக்கத்தில் திரும்பித் திரும்பிப் படிப்பக்கமே போயிற்று, இழுத்துப் பிடித்து வைத்தாள். பூராவும் வலதுகையாலேயே வைத்தாள், இடதுகையால் வைத்தால் அது எந்தக் காலில் நடக்கும் என்று பயமாக இருந்தது. தண்ணீர் ஓரத்தில் கடைசித் தடத்தை வைத்துக் கையைக் கழுவி நிமிர்ந்து பார்த்தபோது, புலித்தடத்துக்குப் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல, ஒரு மனுஷனின் வெறுங்கால்தடம் படியிலிருந்து தண்ணீர்வரைக்கும் வந்திருந்தது. இடதுகாலில் நாலு விரல்தான் இருந்தது.

அவள் கூச்சல் போடவில்லை. அழித்தால் என்ன ஆகும் என்று குருந்தாசலம் சம்சாரத்தைப் பார்த்தவள் அவள், அழிக்கவில்லை. பிடித்து வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறாள். செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான், திரும்பி வருகிற தடத்தை வைத்துவிட வேண்டும். ஆனால் ஆண்பிள்ளையின் பாதத்தைக் கையால் வைக்க அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவள் கைக்குத் தெரிந்தது புலியும் கண்ணனும் மட்டும். மலைக்கு அந்தப் பக்கம் சூரியன் இறங்கிவிட்டது, மணல் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது, அவள் யோசிக்கவில்லை, கைமுட்டியின் சுண்டுவிரல் பக்கத்தை ஈரமணலில் ஒற்றி, மேலே ஐந்து பொட்டு வைத்தாள். இந்தத் தடவை ஞாபகமாக வலது பாதத்துக்கு ஒரு கை, இடது பாதத்துக்கு மறுகை. சின்னப் பாதத்துக்குச் சின்ன எட்டுத்தான் வைக்க முடியும், அறுபதடிக்கு எத்தனை பாதம் என்று யார் எண்ணினார்கள், முழங்கால் தோல் கிழிந்தது, வெளிச்சம் போய்க் கையே தெரியாமல் போயிற்று, தடவித் தடவி வைத்துக்கொண்டே வந்தாள், வாய் மட்டும் வாங்க, வாங்க என்று சொல்லிக்கொண்டே வந்தது. நெற்றி படியில் முட்டியபோது நிறுத்தினாள்.

மறுநாள் காலை ஆறேகாலுக்குப் புலி எழுந்தது. திம்மையன் முகம் கழுவி, காக்கிச் சட்டை போட்டு, தலை வாரியிருந்தான், விருந்தாளியை பஸ் ஏற்றிவிடப் போகிறவன் மாதிரி வெகு மரியாதையாக இருந்தான். செருப்பை வராந்தாவிலேயே கழற்றி ஓரமாக வைத்தான்.

"ஆறு வரைக்கும் கொண்டுபோயி உட்டுட்டு வந்தர்றேன்," என்றான்.

"வந்தர்றீங்கல்ல?"

"வராம எங்க போறேன்."

கில்பர்ட்டும் சமையல்காரரும் கைபேசி பிடித்த விருந்தாளிகளும் வராந்தாக்களில் நின்றார்கள், ஒருவரும் தடுக்கவில்லை, தடுத்து என்ன ஆயிற்று என்று ஊருக்கே தெரியும். புலி சாய்ந்து சாய்ந்து தன் தடத்திலும் திம்மையன் நிமிர்ந்து தன் தடத்திலுமாக அறுபதடியும் நடந்தார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது அவன் புலியின் முதுகில் கையை வைத்தான், இடுப்புக்கு வந்தபோது ஒருமுறை திரும்பிப் பார்த்தான், அப்புறம் ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாராத்தா படியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபி ஆறிப்போயிற்று, விருந்தாளிகள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

எட்டு மணிக்கு மேல் தண்ணீர் ஓரத்தில் ஒரு குழந்தை எழுந்து நின்றது. ஒரு வயது இருக்கும், ஆண் குழந்தை, உடம்பில் துணியில்லை, தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. குனிந்து முதல் பாதத்தைப் பார்த்து அதில் காலை வைத்தது, அடுத்ததைப் பார்த்து அதில் மறு காலை வைத்தது, தடுமாறினாலும் மணலில் வேறெங்கும் மிதிக்காமல் வந்தது. மாராத்தா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, வாங்க, வாங்க என்றாள், புருஷனைக் கூப்பிடுகிற மரியாதையிலேயே கூப்பிட்டாள். குழந்தை கடைசிப் பாதத்தில் நின்று, அடுத்த தடம் இல்லை என்றதும், புலி உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அவள் இறங்கிப் போய் அதன் இடதுகாலைத்தான் முதலில் எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். ஐந்து விரல் இருந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், ஐந்துதான். இருட்டில் அவள் எல்லாப் பாதத்துக்கும் ஐந்து ஐந்தாகத்தான் பொட்டு வைத்திருந்தாள், கோபியில் கற்றதுபோலவே, பன்னிரண்டு வருஷம் தன் வீட்டில் போட்டதுபோலவே. மணல் யாரை அனுப்பியிருக்கிறது, நேற்றுக் கூப்பிட்ட ஆளையா, அத்தனை வருஷம் கூப்பிட்டு வராத ஆளையா என்று அவளுக்குத் தெரியவில்லை. குழந்தையின் காலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

குழந்தை அழவில்லை. அவள் தோளுக்கு மேலாக ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தது, ஈரமான சின்னக் கையை எடுத்து அவள் வாயைப் பொத்தியது.

"சத்தம் போடாத," என்றது. "வரும்."